மாலத்தீவில் முக்குளித்த பின் குன்னூருக்கு ஏறுவது

ஸ்கூபா முக்குளிப்புக் கற்றுக்கொள்ளும் எவருக்கும் தொடக்க வகுப்புகளிலேயே ஒரு விதி சொல்லித் தரப்படுகிறது: கடலுக்குள் இறங்கி ஏறிய உடம்போடு உடனே விமானம் ஏறக் கூடாது. நீலகிரியிலோ கொடைக்கானலிலோ வசிப்பவர்களுக்கு அந்த விதி விமான நிலையத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதை மட்டும் யாரும் தனியாக எடுத்துச் சொல்வதில்லை. பயணிகள் விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், அதன் உள்ளே காற்றழுத்தம் 8,000 அடி, அதாவது சுமார் 2,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் அளவுக்குக் கீழே குறைய விடுவதில்லை. உதகை ரயில் நிலையம் 2,203 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டாவின் உச்சி 2,637 மீட்டர். ஆகவே, மேட்டுப்பாளையத்தில் பேருந்து ஏறி மலைக்குப் போவதும் விமானத்தில் ஏறிப் பறப்பதும் உடம்பின் கணக்கில் ஏறத்தாழ ஒன்றுதான். நானும் என் தங்கையும் மாலத்தீவில் படகிலேயே தங்கிப் பல நாட்கள் முக்குளிக்கும் பயணத்துக்குத் திட்டமிட்டபோது, குன்னூரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து தொடங்கிப் பின்னோக்கியே நாட்களைக் கணக்கிட்டோம். மலையில் வசித்துக்கொண்டு கடலில் முக்குளிக்க விரும்பும் மற்றவர்களுக்கும் அந்தக் கணக்கு பயன்படும் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் இருப்பவர் மேற்பரப்பில் இருப்பதைப் போல நான்கு மடங்கு அழுத்தத்தில் காற்றைச் சுவாசிக்கிறார். காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்காக இருக்கும் நைட்ரஜன் அந்த அழுத்தத்தில் இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சு வழியே வெளியேறும். வேகமாக வந்தால் உடம்புக்குள்ளேயே குமிழிகளாகப் பிரிந்து மூட்டு வலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை கொண்டுபோய் விடும். இதைத் தடுக்கும் முதல் அட்டவணைகளை ஸ்காட்லாந்து உடலியல் அறிஞர் ஹால்டேன் ஆடுகளை வைத்துச் சோதித்து 1908இல் வெளியிட்டார். கரைக்கு வந்த பிறகும் நைட்ரஜன் முழுவதும் உடனே போய்விடாமல், பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது. அதற்குள் மலையேறி வெளிக்காற்றின் அழுத்தத்தை மேலும் குறைத்தால் குமிழிகள் உருவாகலாம், இருப்பவை பெரிதாகலாம். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் குன்னூர் வருவதற்குள் வெடிக்கப் போவதுபோல் உப்பிக்கொள்வதை மலைப்பாதையில் வந்த எல்லோரும் பார்த்திருப்பார்கள். இரத்தத்தில் இருக்கும் குமிழிக்கும் அதே கதிதான்.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதற்கு, முக்குளிப்போரின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் 2002இல் கூட்டிய ஆய்வரங்கில் வகுக்கப்பட்ட பரிந்துரைகளே இன்றும் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன. ஒரே ஒரு முறை முக்குளித்திருந்தால் குறைந்தது 12 மணி நேரம். ஒரு நாளில் பல முறையோ தொடர்ந்து பல நாட்களோ முக்குளித்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம். மேலே வரும் வழியில் கட்டாய நிறுத்தங்கள் தேவைப்படும் ஆழமான முக்குளிப்புகளுக்கு அதைவிடக் கணிசமாக அதிகம். இந்தப் பரிந்துரைகள் 2,000 முதல் 8,000 அடி வரையிலான உயரத்துக்கு உரியவை. 2,000 அடி என்பது 610 மீட்டர்தான். மேட்டுப்பாளையம் 326 மீட்டரில் இருக்கிறது. கல்லாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அந்த எல்லையைக் கடந்துவிடுகிறோம்.

மலைவாசிகளிடம் அடிக்கடி காணப்படும் இன்னொரு நம்பிக்கை, தினமும் மலைப்பாதையில் ஏறி இறங்குவதால் தங்கள் காதுகள் அழுத்த மாற்றத்துக்குப் பழகிவிட்டன என்பது. உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கும்போது கூடும் அழுத்தம் முழுவதையும் சேர்த்தாலும், கடலில் சுமார் 2 மீட்டர் ஆழத்துக்கு இறங்குவதற்கே அது சமம். மலைப்பாதையில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் நடப்பது கடலில் சில நொடிகளில் நடந்துவிடுகிறது. எச்சில் விழுங்கினால் போதும் என்ற பழக்கம் அங்கே உதவாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்மையாக ஊதிக் காதுகளைச் சமன்செய்வதை, வலி தோன்றுவதற்கு முன்பே, தலை நீருக்குள் போன உடனேயே தொடங்கி ஒவ்வோர் அரை மீட்டருக்கும் செய்துகொண்டே போக வேண்டும். அடைத்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மீண்டும் முயல வேண்டும். வலியோடு ஊதி இறங்கிச் செவிப்பறை கிழிந்தால் பயணம் அன்றோடு முடிந்துவிடும். ஜூன், ஜூலை மாதங்களில் சாரலும் மூடுபனியுமாக இருக்கும் குன்னூரில் சளி பிடிக்காத வீடு குறைவு. சளியோடு இறங்கக் கூடாது; மூக்கடைப்பைத் தற்காலிகமாகத் திறக்கும் மருந்தைப் போட்டுக்கொண்டும் இறங்கக் கூடாது. ஆழத்தில் மருந்தின் வேகம் தீர்ந்துவிட்டால், மேலே வரும்போது விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் நடுக்காதிலும் நெற்றிப் புழையிலும் (சைனஸ்) சிக்கிக்கொள்ளும்.

பயிற்சியைக் கோயம்புத்தூரில் ஒரு நீச்சல் குளத்தில் தொடங்கினோம். செவிலியரான என் தங்கை, பயிற்சி மையம் தந்த மருத்துவப் படிவத்தை வாங்கிய கையோடு நிரப்பிக் கொடுக்காமல், நுரையீரலையும் காதையும் மருத்துவரிடம் காட்டிய பிறகே கையெழுத்திட வேண்டும் என்று உறுதியாக நின்றாள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை ஆகியவற்றை மறைத்துக் கையெழுத்திடுபவர்கள் தங்கள் உயிரோடு, உடன் இறங்கும் துணையின் உயிரையும் பணயம் வைக்கிறார்கள். தொடக்கநிலைச் சான்றிதழ் 18 மீட்டர் வரைதான் அனுமதிக்கிறது. மாலத்தீவின் நல்ல இடங்கள் பல அதைவிட ஆழமானவை, நீரோட்டம் மிகுந்தவை என்பதால் பல படகுகள் அடுத்தநிலைச் சான்றிதழையும் ஓரளவு முன் அனுபவத்தையும் கேட்கின்றன. நீச்சல் குளத்தில் மட்டும் பழகியவர்கள் நேரே இத்தகைய படகுக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கொச்சியிலிருந்து மாலே விமானத்தில் மிக அருகில். விமான நிலையத்துக்கு எதிரிலேயே படகுத்துறை இருப்பதால், இறங்கிய மாலையே படகில் இருந்தோம். இத்தகைய பயணங்களில் பெரும்பாலும் இரண்டு கலங்கள் சேர்ந்தே செல்கின்றன. தங்குவதற்கும் உண்பதற்கும் பெரிய படகு. சிலிண்டர்களையும் காற்றடைக்கும் கம்ப்ரஸரையும் ஈர உடைகளையும் சுமந்து வரும் தோணி தனி. ஒவ்வொரு முறையும் தோணியில் ஏறித்தான் முக்குளிக்கும் இடத்துக்குப் போகிறோம். விடியும்போது காபி, அதன்பின் கரும்பலகையில் வரைந்த படத்தோடு விளக்கம், முதல் டைவ், காலை உணவு, படகு அடுத்த பவளத்திட்டுக்கு நகர்தல், இரண்டாவது டைவ், மதிய உணவு, சற்றே தூக்கம், மூன்றாவது டைவ். சில நாட்களில் இருட்டிய பிறகும் ஒன்று. மேல்தளத்து அறைகளில் காற்றோட்டம் நன்றாக இருக்கும், ஆனால் ஆட்டமும் அங்கேதான் அதிகம். வயிற்றைப் புரட்டும் என்று தெரிந்தவர்கள் கீழ்த்தளத்தில் படகின் நடுப்பகுதி அறையைக் கேட்டு வாங்குவது நல்லது. மலைப்பாதையில் வாந்திக்குப் போட்டுக்கொள்ளும் மாத்திரைகள் பலவும் தூக்கத்தை வரவழைப்பவை. முக்குளிக்கும் நாளில் எதை எடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டு, ஊரில் இருக்கும்போதே ஒரு முறை போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

எங்கள் வழிகாட்டி தூத்துக்குடிக்காரர். மீனவக் குடும்பத்திலிருந்து வந்தவர் என்பதால், நீருக்கு மேலே வந்ததும் பார்த்த மீன்களுக்கெல்லாம் நம் ஊர்ப் பெயரையே சொல்வார்: பொந்திலிருந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது அஞ்சாளை, பாறையடியில் அசையாமல் நின்றது களவாய், தலைக்கு மேல் வெள்ளிக் கோடுகளாகத் திரிந்தது சீலா, பவளத்தைக் கரகரவென்று கொறித்தது கிளிமீன். முதல் டைவை அலையில்லாத உள்கடலில், எடைகளைச் சரிபார்ப்பதற்கு என்றே வைத்திருந்தார். குளத்து நீரைவிடக் கடல்நீர் அடர்த்தியானது. குளத்தில் சரியாக இருந்த ஈய எடை கடலில் போதாது. எடை குறைந்தால், சிலிண்டர் காலியாகி இலேசாகும் கடைசி நிமிடங்களில், நைட்ரஜன் கழிவதற்காக 5 மீட்டர் ஆழத்தில் சற்று நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தில் நிற்க முடியாமல் மேலே தூக்கிவிடும். எடை கூடினால் பவளத்தின் மேல் உட்கார்ந்துவிடுவோம். என் தங்கையின் காற்று மற்றவர்களுக்கு முன்பே தீர்ந்து வருவதைக் கவனித்த அவர், தோணியில் அவளருகே வந்து உட்கார்ந்தார்.

“அக்கா, கையை வீசாதீங்க. நெஞ்சோட கட்டிக்குங்க. துடுப்பு மட்டும் மெதுவா அசையட்டும். மூச்சை இழுக்கறதைவிட விடுறதுக்கு நேரம் கூடக் கொடுங்க, காத்து தன்னால மிஞ்சும்.”

அடுத்த நாளே அவளிடம் மிஞ்சிய காற்றின் அளவு மாறிவிட்டது. தேயிலைத் தோட்டத்துச் சரிவுகளில் ஏறிப் பழகிய கால்களுக்கு, விசையோடு உதைத்து முன்னேறுவதுதான் இயல்பாக வருகிறது. நீருக்குள் அந்தப் பழக்கத்தை விடுவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கிறது.

மாலத்தீவில் முக்குளிப்பதன் சாரம் நீரோட்டம்தான். வளையமாக அமைந்த பவளத்திட்டுகளின் விளிம்பில் ஆங்காங்கே வாய்க்கால்கள் திறந்திருக்கின்றன. பெருங்கடல் நீர் அவற்றின் வழியே உள்ளேயும் வெளியேயும் பாய்கிறது. உள்ளே பாயும்போது நீர் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும், அப்போது வாய்க்காலின் நுழைவாயில் விளிம்பில் சுறாக்கள் கூடும். வாவு பவளத்திட்டில் இத்தகைய ஒரு வாயிலில், காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்துகொள்ளும் மிதவை உடையிலிருந்த காற்றை முழுதும் வெளியேற்றிவிட்டுத் தோணியிலிருந்து குதித்து, மேற்பரப்பில் நிற்காமல் நேரே கீழே போனோம். அங்கே தாமதித்தால் ஓட்டம் வாயிலைத் தாண்டி இழுத்துச் சென்றுவிடும். விளிம்பை எட்டியதும், உயிருள்ள பவளம் இல்லாத வெறும் பாறை இடுக்கைத் தேடிக் கொக்கியை மாட்டி, கயிற்றை உடையில் இணைத்து, சிறிதளவு காற்றை ஏற்றினால், காற்றில் கட்டிய பட்டம் போல உடம்பு ஓட்டத்தில் நின்றுவிடுகிறது. முகமூடியைப் பக்கவாட்டில் திருப்பினால் ஓட்டம் அதைப் பிடுங்கப் பார்க்கிறது; பார்வையை ஓட்டம் வரும் திசையிலேயே வைக்க வேண்டியிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் சாம்பல் நிறச் சுறாக்கள் வாலை மட்டும் ஓரிரு முறை அசைத்து, அதே ஓட்டத்தில் எந்தப் பாடும் படாமல் நின்றுகொண்டிருந்தன. ஒன்றின் செவுள் பிளவுகள் திறந்து மூடுவதையும், அதன் அடிவயிற்றோடு ஒட்டியிருந்த சிறு மீனையும் எண்ணிச் சொல்லும் அளவுக்குத் தெளிவாகப் பார்த்தேன். மாலத்தீவு 2010இல் தன் கடல் முழுவதிலும் சுறா வேட்டைக்குத் தடை விதித்தது; அந்தக் காட்சி அந்த முடிவின் பயன் என்றே நான் நம்புகிறேன்.

இத்தகைய இடங்களில் குழுவிலிருந்து பிரிந்துவிட்டால் தேடிக்கொண்டு சுற்றக் கூடாது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மெதுவாக மேலேறி, பாதுகாப்பு நிறுத்தத்தின்போதே ஆரஞ்சு நிற மிதவைக் குழாயை ஊதி மேலே அனுப்பி, தோணிக்கு இடத்தைக் காட்ட வேண்டும். ஒவ்வொருவரிடமும் சொந்தமாக ஒரு மிதவைக் குழாயும் ஒரு விசிலும் இருக்க வேண்டும். அதை விரித்து ஊதுவதைக் கோயம்புத்தூர்க் குளத்திலேயே பழகிவிட வேண்டும். மாலத்தீவுச் சட்டம் பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு 30 மீட்டரை எல்லையாக வைத்திருக்கிறது. சுறாவைத் துரத்திக்கொண்டு அதற்குக் கீழே போக யாரையும் எங்கள் வழிகாட்டி அனுமதிக்கவில்லை.

நாட்கள் செல்லச் செல்ல உடம்பில் நைட்ரஜன் சேர்ந்துகொண்டே போகிறது என்பதைக் கையிலிருக்கும் டைவ் கம்ப்யூட்டர் நன்றாகக் காட்டும். பாதுகாப்பாகத் தங்கலாம் என்று முதல் நாள் 20 மீட்டரில் அது தந்த நேரத்தை நான்காம் நாளில் அதே ஆழத்தில் தராது. இதைக் குறைக்க நாங்கள் நைட்ராக்ஸ் எடுத்துக்கொண்டோம். சாதாரணக் காற்றில் 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜனை 32 சதவீதமாகக் கூட்டிய கலவை அது. நைட்ரஜன் குறைவதால் தங்கும் நேரம் கூடுகிறது. ஆனால் ஆக்சிஜன் மிகுந்திருப்பதால் அதற்கென்று ஓர் ஆழ எல்லையும் உண்டு, அதை மீறினால் வலிப்பு வரலாம். சிலிண்டரின் கலவையை ஒவ்வொருவரும் தம் கையாலேயே கருவியில் அளந்து, ஏட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வேறொருவர் அளந்ததை நம்பி இறங்கக் கூடாது. தண்ணீர் குடிப்பதிலும் மலைவாசிகளுக்குத் தனிக் கவனம் தேவை. குன்னூரின் குளிரில் தாகம் எடுக்காமலே நாளைக் கழித்துப் பழகியவர்கள், வெயிலும் உப்புக்காற்றும் உடம்பை உலர்த்தும் படகில் அளந்து குடிக்காவிட்டால் இரண்டாம் நாளே தலைவலியோடு எழுந்திருப்பார்கள்; நீர்ச்சத்துக் குறைவு குமிழி நோய்க்கும் வழிவிடும் காரணங்களில் ஒன்று. நீர் 28 டிகிரி இருந்தாலும், ஒரு நாளில் மூன்று மணி நேரம் அதில் கிடந்தால் உடம்பு குளிர்ந்துவிடுகிறது. ஊரில் வாடைக்குப் போடும் கம்பளிக் குல்லாயும் காற்றுத் தடுப்புச் சட்டையும் தோணியில் எங்களுக்கு மிகவும் உதவின. சமவெளியிலிருந்து வந்தவர்கள் அவற்றைக் கடன் கேட்டார்கள்.

பவளத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. ஆழம் குறைந்த திட்டுகளின் மேற்புறம் பல இடங்களில் உடைந்த சுண்ணாம்புக் குச்சிகளின் மேடாகக் கிடந்தது. இடையிடையே உள்ளங்கை அளவில் புதிய பவளம் துளிர்த்திருந்தது. கடல்நீர் சூடாகும்போது பவளப்பூச்சி தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. சூடு நீடித்தால் பட்டினியில் இறந்துவிடுகிறது. 1998இலும் 2016இலும் மாலத்தீவு இதைக் கடுமையாக அனுபவித்தது. உலக அளவிலான நான்காவது வெளுத்தல் 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்துக்கும் 2016இல் இதே நிலை வந்தது. இவ்வளவுக்குப் பிறகு துளிர்க்கும் ஒரு கிளையை, படம் எடுக்கும் ஆசையில் முழங்காலை ஊன்றி முறிப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? மிதவைக் கட்டுப்பாடு கைவராதவர்கள் கேமராவை அறையிலேயே விட்டுவிட்டு வருவது பவளத்துக்குச் செய்யும் மரியாதை.

பயணத்தின் இறுதி நாளுக்கு முந்தைய நாள் முற்பகலில் முக்குளிப்பு முடிந்துவிடும். படகு மாலேவை நோக்கித் திரும்பும். அதன்பின் கம்ப்யூட்டர் திரையின் மூலையில் சிறிய விமானப் படமும் அருகில் குறைந்துகொண்டே வரும் மணிக்கணக்கும் தோன்றின. மறுநாள் நண்பகலுக்குப் பிறகு கிளம்பும் விமானத்தையே முன்பதிவு செய்திருந்ததால், 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கிடைத்தது. கொச்சியிலிருந்து திரும்பும் வழியையும் யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும். மூணாறு வழியாக ஊர் சுற்றிக்கொண்டு வந்தால் மலையேறியாக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்தால் மேட்டுப்பாளையம் வரை தாழ்வான நிலம்தான். விதிப்படி நாங்கள் அன்றிரவே குன்னூருக்கு ஏறியிருக்கலாம். ஆனால் விமானமும் மலைப்பாதையுமாக ஒரே நாளில் இரண்டு ஏற்றம் வேண்டாம் என்பதும், உடம்பு ஏதேனும் சொல்வதாக இருந்தால் கோயம்புத்தூர் மருத்துவமனைகளுக்கு அருகிலேயே அதைக் கேட்டுவிடலாம் என்பதும் என் தங்கையின் முடிவு. மேட்டுப்பாளையத்தில் பெரியம்மா வீட்டில் தங்கினோம்.

“ஏங் கண்ணு, மேல போறதுக்கு வண்டி கிடைக்கலியா?” என்று பெரியம்மா கேட்டார்.

“வண்டி இருக்குதுங் பெரீம்மா. உடம்புல இன்னும் கடல் காத்து இருக்குது, அது இறங்கினதும் காலைல ஏறிக்கிறோம்” என்றாள் தங்கை.

அந்த இரவில் கவனிக்க வேண்டியவை எளியவை. தோளிலோ முழங்கையிலோ அசைத்தாலும் அமுக்கினாலும் மாறாத வலி, கைகால் மரத்தல், தோலில் பளிங்குபோல் திட்டுகள், தலைச்சுற்றல், காரணமில்லாத பெருஞ்சோர்வு: இவற்றில் எதுவானாலும் பை தூக்கிய வலி என்றோ பயணக் களைப்பு என்றோ ஒதுக்கக் கூடாது. மலையேறாமல், மருத்துவமனைக்குப் போய், முக்குளித்துவிட்டு வந்திருப்பதை முதலில் சொல்லி, தூய ஆக்சிஜன் கொடுக்கச் சொல்ல வேண்டும். முழுச் சிகிச்சை உயர் அழுத்த அறையில்தான் நடக்கும், அதற்கான செலவு பெரியது. முக்குளிப்புக்கென்று தனிக் காப்பீடு இல்லாமல் இத்தகைய பயணத்துக்குக் கிளம்பக் கூடாது.

விமானத்தில் திரும்புபவர்களை விமான நேரமே ஓரளவு காத்துவிடுகிறது. எனக்கு அதிகக் கவலை தருவது தரைவழியே போய்வருபவர்களைப் பற்றித்தான். தூத்துக்குடி, ராமேஸ்வரம், புதுச்சேரி, முருடேஸ்வருக்கு அருகிலுள்ள நேத்ராணி என்று இப்போது காரில் போய் முக்குளித்துவரும் இடங்கள் பெருகியிருக்கின்றன. விமானம் இல்லை என்பதால் ஞாயிறு மதியம் வரை இறங்கிவிட்டு, திங்கள் காலை வேலைக்கு உதகையிலோ கொடைக்கானலிலோ இருக்கத் திட்டமிடுகிறார்கள். பயிற்சியாளர் “எப்போது விமானம்?” என்று கேட்பார், இல்லை என்றதும் தலையசைத்துவிடுவார். வீடு எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ ஓர் இரவு தங்குவதை அந்தப் பயணத்தின் செலவிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

அங்கே தங்குவதில் இன்னொரு வசதியும் உண்டு. மிதவை உடையும் நீருடையும் பெரியம்மா வீட்டு மொட்டைமாடி வெயிலில் காலை பத்து மணிக்குள் காய்ந்துவிட்டன. குன்னூரின் மூடுபனியில் அதே துணி நாட்கணக்கில் ஈரமாகவே கிடந்து பூசணம் பிடிக்கும். மிதவை உடையின் உள்ளே புகுந்த உப்புநீரை நல்ல தண்ணீர் விட்டு அலசிக் கவிழ்த்து வடிய விட வேண்டும். விளக்கு, கேமரா உறை போன்ற காற்றுப் புகாத பொருட்களின் ரப்பர் வளையத்தைக் கழற்றி வைத்துவிட்டே மலைக்கும் கடலுக்கும் இடையே கொண்டுபோக வேண்டும். குன்னூரில் இறுக மூடிய உறை கடற்கரையில் வெளி அழுத்தத்தால் அமுங்கித் திறக்க மறுக்கும். சிலிண்டரிலிருந்து மூச்சுக்குக் காற்றைத் தரும் ரெகுலேட்டரைக் காய்ந்த துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறை அதைப் பழுதுபார்க்கக் கீழே கொண்டுபோக வேண்டியிருப்பதால், அடுத்த பயணத் தேதியை அதற்கு ஏற்பவே தங்கை குறித்திருக்கிறாள்.